முள்ளந்தண்டு நீர் உரைக்கும் உண்மை

'மூளைக்காய்ச்சல்' என்னும் ஒரு சொல்லால் நம்மவர் இரு வேறு நோய்களைக் குறிப்பர். மூளையே அழற்சியுறுவது ஒன்று; மூளையையும் முண்ணாணையும் போர்த்திருக்கும் சவ்வுகள் அழற்சியுறுவது மற்றொன்று. பின்னையதே மெனிஞ்சைற்றிஸ் எனப்படும். அது பற்றீரியாவால் விளையின் ஒரு நாளைக்குள்ளேயே உயிரைக் கவரவும் வல்லது. தப்பினோருட் சிலர் செவிப்புலனை இழப்பர். வைரசால் விளைவதோ பெரும்பாலும் தானே தணிவது. காய்ச்சல், தலையிடி, வாந்தி, பிடரி விறைப்பு என்னுங் குறிகள் இரண்டிற்கும் பொதுவாதலின், ஆய்வுகூடமே வேறுபாட்டைத் துணிந்து கூறவேண்டும்.

அதற்கு வேண்டுவது முள்ளந்தண்டினுள் உள்ள நீர். அதனை ஊசியால் எடுக்கும் முறையை 1891-ஆம் ஆண்டில் ஜேர்மானிய வைத்தியர் குவிங்கே வெளியிட்டார். 'முதுகில் ஊசி ஏற்றினாற் கால் வழங்காது' என்றஞ்சி உடன்பட மறுக்கும் பெற்றோர் இன்றும் உளர். வளர்ந்தோரின் முண்ணாண் இடுப்பின் முதலாம் அல்லது இரண்டாம் முள்ளெலும்பருகே முடிகின்றது. குழந்தைகளிற் சற்றுத் தாழ முடியும். ஊசியோ அதற்குங் கீழேயே செலுத்தப்படும். மூளையில் அழுத்தம் மிகுதல், குருதி உறையாமை முதலிய தடைகள் உளவோ என்பதனை வைத்தியர் முன்னரே ஆராய்வர். பின்னர்ச் சிலருக்குத் தலையிடி தோன்றித் தணியும்.

இனி, சோதனைகளை நோக்குவோம். இயல்பான நீர் தெளிந்திருக்கும்; பற்றீரியா நோயிற் பெரும்பாலுங் கலங்கும். வளர்ந்தோரில் ஒரு மைக்குரோலீற்றரில் ஐந்துக்கு மேற்படாத வெண்கலங்கள், இந்நோயில் அடிக்கடி ஆயிரத்தைக் கடக்கும். புரதம் மிகும், குளுக்கோசு குறையும். குருதியிலுள்ள குளுக்கோசில் ஏறக்குறைய மூன்றிலிரு பங்கே இந்நீரில் இருப்பது இயல்பாதலின், ஒப்புநோக்கக் குருதியும் உடன் எடுக்கப்படும்.

அடுத்தது, டென்மார்க்கு நாட்டவரான கிராம் 1884-இல் வெளியிட்ட சாயமுறை. நுணுக்குக்காட்டியில் நியூமோகொக்கசு ஊதா நிற இணைகளாகவும், மெனிங்கோகொக்கசு சிவந்த இணைகளாகவும் தோன்றும். இதன் விடை ஒரு மணி நேரத்துள் கிட்டும். வளர்ப்புச் சோதனைக்கு ஓரிரு நாள் செல்லும். எம்மருந்து அக்கிருமியைக் கொல்லும் என்பதனை அதுவே தெளிவாகக் காட்டும். முன்னரே நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டிருப்பின் கிருமி வளராதொழியலாம். அந்நிலையில், இறந்த கிருமியின் மரபுப்பொருளையுங் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை கைகொடுக்கும். ஆயினும் ஊசியேற்றத் தாமதமாகுமெனின், குருதியை எடுத்துக்கொண்டு மருந்தை உடனே தொடங்குவதே முறை. சோதனைக்காக உயிர் காத்திருத்தலாகாது.

கொழும்பு வாழ்வோர்க்கு இவ்வசதி தொலைவிலன்று. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் 1900-ஆம் ஆண்டிற் பற்றீரியவியல் நிலையமாகத் தொடங்கியது. சிறுவர்க்கு இந்நோயை விளைக்கும் ஹீமோபிலசு இன்புளுவென்சா 'பி' வகைக்கான தடுப்பூசியும் 2008-இல் நாட்டின் தடுப்பூசித் திட்டத்திற் சேர்க்கப்பட்டது.

மொழி கற்பிக்கும் நாம் இதனை எழுதப் புகுந்தது, அறியாமையால் விளையும் அச்சம் நோயினுங் கொடிது என்பதனாலேயே. வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும், காய்ச்சலுற்ற பிள்ளை பிடரி விறைத்து மயங்கின் மறுநாளை எதிர்பாராது வைத்தியசாலைக்கு விரைக. எஞ்ஞான்றும் பிடரி விறைத்தே தீரும் என்பதில்லை. கைக்குழந்தை பாலுண்ணாது சோர்ந்து கிடப்பதே குறியாகவும் அமையலாம். வைத்தியர் முதுகு நீரைக் கேட்பின் ஐயத்தை வினவித் தெளிந்து, காலந்தாழ்த்தாது உடன்படுக.