நரம்பும் குருதிக் குழலும்

உயிர்நூலார் இந்நாளில் வழங்கும் அருஞ்சொற்களுள் நியூரோபிலின் என்பது ஒன்று. தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய எமக்கு இதில் என்ன வேலை என விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைத்தல் கூடும். சொல்லின் பொருளை நாடியே யாம் இதனுட் புகுந்தோம். மூளையில் நரம்பிழைகள் நெருங்கிப் பின்னிக் கிடக்கும் பகுதிக்கு நியூரோபில் என்று பெயர். அதன் பிற்பாதி, உரோமத்தை அழுத்திச் செய்த கம்பளத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. அவ்விடத்துக் காணப்பட்ட புரதமாதலின் இஃது இப்பெயர் பெற்றது. 1847இல் யாழ்ப்பாணம் போந்து, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இன்றிருப்பின் இதற்கும் ஒரு தமிழ்ப் பெயர் இட்டிருப்பார். அத்துணிவு எமக்கில்லை.

1987ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய ஹாஜிமே புஜிசாவாவும் அவர்தம் கூட்டாளிகளும் தவளையின் தலைப்பிரட்டையை ஆராய்ந்தபொழுது, அதன் மூளையிற் கண்பார்வைக்குரிய பகுதியில் இப்புரதத்தைக் கண்டனர். அதன் தொழில் யாதென்பது பத்தாண்டு கழித்தே விளங்கிற்று.

கருவில் வளரும் நரம்பணு ஒவ்வொன்றும் ஒரு நீண்ட இழையை விடுக்கின்றது. அவ்விழை தான் சேரவேண்டிய இடத்தை எங்ஙனம் அறிகின்றது? இழையின் நுனியில் விரல்கள் போன்ற நுண்ணிய நீட்சிகளையுடைய ஒரு முனை உண்டு. அது வழிநெடுகத் துழாவிக்கொண்டு செல்லும். சில இடங்களில் ‘இவ்வழி வாரற்க’ என்று விலக்கும் புரதங்கள் சுரக்கின்றன. இவற்றிற்குச் செமாபோரின் என்று பெயர். செமாபோர் என்பது இரயில் பாதையிலே யாம் கைகாட்டி மரம் என வழங்கியதே. பெயரிட்டவர் நல்ல இரசிகராயிருத்தல் வேண்டும். கைகாட்டி இருந்தாற் போதுமா? அதனைக் காணும் கண்ணும் வேண்டுமன்றோ? அக்கண்ணே நியூரோபிலின் என்று 1997இல் அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் இரண்டு தனித்தனியே நிறுவின. ஆயினும் அது தனித்துத் தொழிற்படுவதன்று. அணுவின் புறத்தே பெரியதாய் நீண்டு, அகத்தே மிகச் சிறிய வாலே உடையதாகலின், பெற்ற செய்தியை உள்ளே சேர்ப்பிக்கப் பிளெக்ஸின் என்னும் துணைப் புரதத்தை நாடி நிற்கின்றது.

அடுத்த ஆண்டிலேயே ஒரு வியப்பு நேர்ந்தது. குருதிக் குழல்களை வளர்க்கும் வி.ஈ.ஜி.எப். என்னும் புரதமும் இந்த ஏற்பியையே பற்றுகின்றதெனப் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர் 1998இல் வெளியிட்டனர். ஒரே வாயிற்காவலன் இரு வேறு தலைவர்க்கு ஊழியஞ் செய்கின்றான்! நியூரோபிலின்-1 அறவே இல்லாதபடி செய்யப்பட்ட எலிக்குஞ்சுகள் நரம்புகள் நெறி பிறழ்ந்தும், நெஞ்சப்பையும் பெருங்குழல்களும் செவ்வனே அமையாமலும் கருவிலேயே மாண்டன. அதன் உடன்பிறப்பாகிய நியூரோபிலின்-2 இல்லாத எலிகளிற் பல பிழைத்தன. நிணநீர்க் குழல்களிற் குறை கண்டது.

நோய்களில் இதன் பங்கு பலதிறப்படும். புற்றுக்கட்டி தனக்கு வேண்டும் குருதிக் குழல்களை வருவித்துக்கொள்ள இதனைப் பயன்படுத்துகின்றது. 2020இல் உலகை வாட்டிய கொரோனாக் கிருமியும் அணுவினுள் நுழைவதற்கு இதனை ஒரு கைப்பிடியாகக் கொள்கின்றதென அவ்வாண்டிலேயே கண்டனர்.

யாம் விரிவாகக் கூறக் கருதுவது நீரிழிவினால் வரும் கண்ணோயைப்பற்றியே. சென்னைக்குத் தெற்கே பெருஞ்சாலையினின்று ஒரகடத்துக்கும் திருப்பெரும்பூதூருக்கும் வழி பிரியும் சிங்கப்பெருமாள் கோவிலை நண்பர் பலர் அறிவர். அவ்வூர்க் குடைவரையில் எழுந்தருளியுள்ள நரசிங்க மூர்த்திக்கு நெற்றியிலும் ஒரு கண் உண்டு. அவ்வழியே பொழுது புலருமுன் ஆலைகளுக்குப் பேருந்தில் விரையும் தொழிலாளர்க்கோ உள்ளவை இரண்டே. இயந்திரத்தின் முன் நின்று மயிரிழை அளவையும் பார்த்தறிய வேண்டிய தொழிலில் கண் மங்கினால் கூலியும் மங்கும். சென்னை நகரில் நிகழ்ந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு, நீரிழிவுடையார் நூற்றுவருள் ஏறத்தாழப் பதினெண்மருக்கு விழித்திரை பழுதுற்றிருந்ததெனக் காட்டிற்று.

பழுது வருமாறு இதுவாகும். குருதியில் மிகுந்த சர்க்கரை விழித்திரையின் நுண்குழல்களை நைவிக்கின்றது, சில அடைபடுகின்றன. மூச்சுமுட்டிய திசு வி.ஈ.ஜி.எப். புரதத்தைப் பெருகச் சுரக்கின்றது. அதனாற் குழல்கள் ஒழுகுகின்றன; புதுக்குழல்களும் முளைக்கின்றன. அவை உறுதியற்றவையாதலின் உடைந்து விழியினுள் இரத்தம் பரவுகின்றது. இதற்கும் முன்னரே மற்றொன்று நிகழ்வதாகக் கனடா தேசத்தார் 2013இல் அறிவித்தனர்: துன்புறும் விழித்திரை நரம்பணுக்கள் செமாபோரினைச் சுரக்க, அது நியூரோபிலின் வாயிலாகக் குழற்சுவரைத் தளர்த்துகின்றதாம். நரம்புக்கு வழிகாட்டப் பிறந்த கைகாட்டி இங்கே குழலுக்குக் கேடு செய்கின்றது.

இந்நோய் முதலில் நோவும் தராது, பார்வையையும் குறைக்காது. ஆகவே தொழிலாளி, ‘எனக்கென்ன, கண் நன்றாய்த்தானே தெரிகிறது’ என்று ஒருநாட் கூலியை இழந்து வைத்தியசாலைக்குச் செல்ல மனங்கொள்ளான். மருந்துத் துளியிட்டுப் பாவையை விரித்து விழித்திரையைச் சோதித்தாலன்றி அது வெளிப்படாது. நீரிழிவுடையார் ஆண்டுக்கொருமுறை இச்சோதனை செய்துகொள்ளல் வேண்டுமென்பது வைத்தியர் கூற்று. அச்சோதனை ஆலை வாயிலுக்கே சென்றாலன்றி இவர்களிற் பலர் அதற்கு உட்படார் என்பது எம் கருத்து. லேசர் ஒளியாற் சுடுதலும், வி.ஈ.ஜி.எப். புரதத்தை அடக்கும் மருந்தை விழியினுட் செலுத்துதலும் இப்பொழுதுள்ள முறைகள். பின்னது பலர்க்குப் பயன்படினும் மீண்டும் மீண்டும் ஊசியிட வேண்டுவது. சிலர்க்குப் போதிய குணந் தருவதுமில்லை. அம்மருந்து ஒரு தலைவனைத் தடுப்பினும், காவலனும் மற்றைத் தலைவனாகிய செமாபோரினும் எஞ்சி நிற்றல் அதற்கொரு காரணமாகலாம். காவலனையே அடக்கிவிடலாமே எனின், நலமுள்ள குழல்களுக்கும் நரம்புகளுக்கும் அவனே துணையாயிருக்கின்றான். ஆராய்ச்சியாளர் தயங்குவது இவ்விடத்திலேதான்.