ஒலிச் சில்லும் அதன் புற உறுப்புகளும்

தோற்றுவாய்

பெயர்ச்சொல் வேற்றுமை உருபை ஏற்கும்போதுதான் வாக்கியத்தில் அதன் தொழில் வரையறை பெறுகிறது. உருபு சிறிது, அது மாறினால் பொருளே மாறிவிடும். ஒலிப்பெருக்கச் சில்லுக்கும், அதனைச் சூழ்ந்த மின்தடை, மின்தேக்கி முதலிய புற உறுப்புகளுக்கும் உள்ள உறவும் இத்தகையதே. சில்லு பழுதற்றதாக இருந்தும் கருவி இரைவதும் சூடேறிச் செயலிழப்பதும் இவ்வுறுப்புகளைத் தேர்வதில் நேரும் பிழையால் நிகழக்கூடும். மாணவர் கைப்பட அமைத்துப் பழகுதற்கேற்ற டி.டி.ஏ. 2030 என்னும் ஐந்து கால் ஐ.சி.யைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1. மின்தடைகள்

வெளியீட்டிலிருந்து 2-ஆம் காலுக்கு 22 கிலோ ஓம் மின்தடையும், அக்காலிலிருந்து மின்தேக்கி வழியாகத் தரைக்கு 680 ஓம் மின்தடையும் இணைக்கப்படும். 22,000-ஐ 680-ஆல் வகுத்து 1 கூட்டினால் கிடைப்பதே பெருக்கம். இங்கு ஏறத்தாழ 33 மடங்கு, அதாவது 30 டெசிபல்.

பெருக்கத்தைக் குறைத்தால் இரைச்சல் குறையுமெனக் கருதி 680 ஓமுக்கு மாறாக 2.2 கிலோ ஓம் இட்டால் பெருக்கம் 11 மடங்காகி, 21 டெசிபலுக்கு இறங்கும். இச்சில்லுக்கு 24 டெசிபலுக்கு மேற்பட்ட பெருக்கம் இன்றியமையாதது. அதற்குக் கீழே அது நிலைகுலைந்து, செவிக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானே அலைவுறக்கூடும். நீலம், சாம்பல், பழுப்பு என்பது 680 ஓம். இறுதி வளையம் கறுப்பாயின் அது 68 ஓம். பெருக்கம் 320 மடங்கைத் தாண்டிவிடும்.

1-ஆம் காலுக்கும் தரைக்கும் இடையிலும் 22 கிலோ ஓமே இடுதல் வேண்டும். இரு உள்ளீடுகளும் ஈர்க்கும் நுண்ணிய மின்னோட்டம் சமமான தடைகளைக் கடந்தால்தான் வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் தோன்றாது. இரட்டை மின்வழங்கலில் வெளியீட்டு மின்தேக்கி இல்லாமையால், அவ்வழுத்தம் ஸ்பீக்கரின் சுருளையே தாக்கும்.

2. மின்தேக்கிகள்

உள்ளீட்டில் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 22 கிலோ ஓமுடன் சேர்ந்து 7 ஹெர்ட்சு வரை இறங்கிய ஒலியை அனுமதிக்கும். 0.1 மைக்ரோஃபாரட் இட்டால் அவ்வெல்லை 72 ஹெர்ட்சுக்கு உயர்ந்து, மந்த ஒலி மெலியும். 680 ஓமுடன் தொடராக அமையும் 22 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, பெருக்கத்தை ஒலிக்கு மட்டும் உரியதாக்குகிறது. இது இல்லையெனில் நேர்மின்னழுத்தப் பிழையும் 33 மடங்காகும்.

மின்வழங்கல் கால்கள் ஒவ்வொன்றிலும் 100 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் ஆகிய இரண்டும் தேவை. சிறியதைக் காலுக்கு மிக அருகில் பற்றவைத்தல் வேண்டும். நீண்ட கம்பியின் தூண்டல் அதன் பயனைக் கெடுக்கும். எதிர் மின்வழியில் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் நேர்முனை தரையோடு சேர வேண்டும். மாற்றி இணைத்தால் அது வெடிக்கலாம்.

3. வெளியீட்டுத் துணை

ஸ்பீக்கரின் சுருள் உயர் அதிர்வெண்ணில் தூண்டியாக நின்று சில்லை நிலைகுலைக்கும். இதனைத் தடுக்கவே வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையில் 1 ஓமும் 0.22 மைக்ரோஃபாரடும் தொடராக இணைக்கப்படுகின்றன. பாட்டைக் கேட்கும்போது இவற்றின் வேலை தெரியாது. அதனாலேயே இவற்றை வீண் என விட்டுவிடத் தோன்றும். கம்பி சுற்றிய மின்தடை தானே தூண்டியாதலின் இவ்விடத்திற்குப் பொருந்தாது.

4. வெப்பம்

நேர் 14, எதிர் 14 வோல்ட் மின்வழங்கலில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒலி வழங்கும்போது சில்லில் ஏறத்தாழ 10 வாட் வரை வெப்பமாக மாறலாம். எனவே அலுமினிய ஹீட்சிங்க் கட்டாயம். சில்லின் உலோக முதுகு எதிர் மின்வழியோடு உள்ளே இணைந்தது. தரையைத் தொடும் ஹீட்சிங்கில் மைக்கா தகடின்றிப் பொருத்தினால் குறுக்குச் சுற்று நேரும்.

முடிவுரை

ஆகவே, தயாரிப்பாளர் பரிந்துரைத்த மதிப்புகளை மனனம் செய்வதோடு அமையாது, ஒவ்வொன்றும் எதன் பொருட்டு அமைந்தது எனக் காரணம் அறிந்து தேர்தல் வேண்டும். காரணம் அறிந்தவர், கடையில் ஓர் உறுப்பு கிடைக்காதபோது எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது எனத் தெளிவர். உள்ளீட்டு மின்தேக்கியைச் சற்றுப் பெரிதாக்கலாம். வெளியீட்டுத் துணையை நீக்கலாகாது. சில்லின் வாழ்நாள் இத்தெளிவைப் பொறுத்ததாகும்.