மது மயக்கினின்று மீளுமாறு



கள்ளுண்ணாமை என்னும் 93-ஆம் அதிகாரத்தைத் திருவள்ளுவனார் துறவறத்தின்கண் வைத்திலர். பொருட்பாலில், வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் நடுவே வைத்தனர். உண்பானுடைய பொருளும் உறவும் மதிப்பும் கெடுமாற்றை அவர் பெரிதும் கருதினர் என்பது இதனாற் பெறப்படும். கெட்ட இடம் அஃதாயின், மீட்சியும் அவ்விடத்தே தொடங்கல் வேண்டுமன்றோ? உண்ணற்க என்று பிள்ளைகளுக்குச் சொல்லுதல் எளிது. உண்டு பழகினவன் மீளும் வழி யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

உடப்புசல்லாவைப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களை அறிந்தார்க்கு இதன் அருமை விளங்கும். நுவரெலியாவுக்கும் ஊவாவுக்கும் இடைப்பட்ட அம்மலைகளில் மழையும் பனியும் காற்றும் மாறிமாறி வருத்தும். பகலெல்லாம் நனைந்து வேலைசெய்தவன் லயத்து அறைக்குத் திரும்பினால், அங்கே பிள்ளைகளும் முதியோரும் இருக்க அவன் காலை நீட்டவும் இடம் போதாது. சம்பள நாளில் தவறணை அழைக்கும். காசு குறைந்த நாளிற் கசிப்பு அழைக்கும். ஆங்கிலேயர் ஆட்சியிற் சாராயக் குத்தகை அரசினர்க்குப் பெருவருவாயாயிருந்தது. 1904-லும் 1912-லும் இலங்கையில் எழுந்த மதுவிலக்கியக்கம் அதனை எதிர்த்தது. அதன் தலைவர் சிலர் 1915-ல் சிறை புகுந்தபோது, சட்டநிரூபண சபையில் அவர்தம் பொருட்டு வாதாடினவர் நம் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். எனினும் கடையை மூடுதல் வேறு; கடைக்குச் செல்லுங் கால்களைத் திருப்புதல் வேறு.

யாம் அப்பகுதியில் ஓர் அறநெறிப் பாடசாலையிற் கற்பித்த காலத்து நிகழ்ந்ததொன்றை மறையாது கூறுதும். ஒரு மாணாக்கனுடைய தந்தையார் கார்த்திகை முதல் நாளில் ஐயப்ப விரதம் பூண்டு மாலையணிந்தார். பல்லாண்டு குடித்தவர், 41 நாளும் ஒரு துளி தொட்டிலர். யாம் மகிழ்ந்து, மாணாக்கர் எல்லாருங் கேட்ப, அவரைப் புகழ்ந்து பேசினேம். மாலை கழற்றிய மூன்றாம் நாள் அவர் தவறணை வாயிலிற் கிடந்தார். மகன் இரண்டு கிழமை பாடசாலைக்கு வந்திலன். அப்பிள்ளையை நாணச்செய்தது தந்தையின் குடி மாத்திரமன்று. யாம் பலரறியச் சொன்ன புகழுமாம்.

பின்னர் அவரைக் கண்டு வினாவினேம். “மாலை போட்டிருந்தபோது எல்லாரும் சாமி என்று கூப்பிட்டார்கள், சேர். அந்திக்குப் பஜனை இருந்தது. கழற்றின பிறகு அந்திக்கு ஒன்றும் இல்லை” என்றார். யாம் படித்த நூல்கள் பலவற்றினும் இவ்வொரு மறுமொழி எமக்கு மிகுதியாகக் கற்பித்தது. விரதம் அவருக்குக் குடியை விலக்கியதோடு நில்லாது, கூடியிருக்கத் தோழரையும், அந்திப்பொழுதுக்கு ஒரு தொழிலையும், லயத்தார் வாயில் ஒரு மதிப்பான பெயரையும் கொடுத்தது. மாலையோடு இவையனைத்தும் ஒரேநாளிற் கழன்றன. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக்கட்டினோரிடத்தும் இதுவே காண்கின்றோம்.

41 நாள் இருந்தவன் 42-ஆம் நாள் இருக்கமாட்டாமை மனவுறுதியின்மையன்றோ எனின், அற்றன்று. நெடுங்காலக் குடி உடலையும் மூளையையும் மாற்றிவிடுகின்றது; மருத்துவர் இதனை நோயென்றே கொள்வர். நாடோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தின், முதலிரண்டு நாளிற் கைந்நடுக்கமும் வியர்வையும் வலிப்பும், அதன்மேல் இல்லாதன காண்டலும் பிதற்றலும் உண்டாதல் கூடும். மருத்துவமின்றேல் உயிர்க்கே இறுதியாம். விரதத்தின் இரண்டாம் மூன்றாம் நாளில் இவ்வாறு நேர்ந்தால், சாமியேறிற்று என்றும் பேய்பிடித்தது என்றும் கொண்டு கோடாங்கியைத் தேடுவாருளர். அந்நிலையிற் செல்லவேண்டிய இடம் அரசினர் வைத்தியசாலையே. நிறுத்துமுன்னரே வைத்தியரைக் காண்டல் இன்னும் நன்று.

இனி, வழுவி வீழ்தலைப்பற்றி ஒன்று. அமெரிக்காவின் அக்ரன் நகரில் 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில் பில் வில்சன் என்பவரும் பாப் ஸ்மித் என்னும் சத்திரவைத்தியரும் சந்தித்தனர். இருவரும் குடியாற் கெட்டவர். வில்சன் சில திங்களுக்கு முன்னரே நிறுத்தியவர். அவரோடு பேசியபின் ஸ்மித்தும் நிறுத்தினார். ஆயின் சில நாளில் வைத்தியர் மாநாடொன்றுக்குச் சென்று மீளவுங் குடித்தார். வில்சன் அவரைக் கைவிட்டிலர். ஜூன் 10-ஆந் தேதியோடு ஸ்மித்தின் குடி ஒழிந்தது. இன்று உலகெங்கும் பரவியுள்ள அவர்தம் கூட்டம், முதற்சந்திப்பை விடுத்து, அந்நாளையே தன் பிறந்தநாளாகக் கொள்கின்றது. கடவுளையும் அவரவர் உணர்ந்தவாறே கொள்க என அவர் விடுத்தனர். பக்குவம் நோக்கிச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என வழி வகுத்த மரபினர்க்கு இது புதுமையன்று. ஒருவனைப் பஜனை நிறுத்தும். ஒருவனைக் காய்கறித்தோட்டம் நிறுத்தும். மற்றொருவனை மனைவியின் கையிற் சம்பளத்தைக் கொடுத்துவிடுதல் நிறுத்தும்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், கணவரைக் குடியால் இழந்தபின், 1980-ல் இந்நோய்க்கென ஒரு நிறுவனந் தொடங்கினார். அது மஞ்சக்குடி முதலிய சிற்றூர்களில் முகாமிட்டு, குடும்பத்தாரையும் உடன்சேர்த்து மருத்துவஞ் செய்தது. தோட்டங்களுக்குப் பொருந்துவது இவ்வகையே என்பது எம் கருத்து; கூலியை இழந்து தொலைதூரஞ் சென்று தங்கவல்லார் ஈண்டு மிகச் சிலர்.

வகுப்பிற் செய்யத்தக்கது யாது? கள்ளுண்ணாமை பாடஞ் சொல்லுங்கால் ‘குடிகாரன்’ என்னுஞ் சொல்லை விலக்குக. முப்பது பிள்ளைகளுள் யாருடைய தந்தை குடிப்பவர் என்பது முப்பதின்மர்க்குந் தெரியும். அச்சொல்லைக் கேட்டவுடன் எல்லார் கண்ணும் ஒரு பக்கந் திரும்பும். “அப்பாவிடம் சத்தியம் வாங்கி வா” என்று பிள்ளையைத் தூதுவிடுவதும் தீது. தந்தையைத் திருத்துஞ் சுமை பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றற்குரியதன்று. விடுமுறையின்றி வரும் பிள்ளை திடீரென வாராதொழியின், கொழுந்தெடுத்துத் திரும்புந் தாயை வழியிற் கண்டு தனியே உசாவுக.

மேற்கூறிய தந்தையார், தாமே குடியைவிட்ட ஓர் உறவினருடன் நுவரெலியா வைத்தியசாலைக்குச் சென்றார். அதன்பின்னும் இருமுறை வீழ்ந்தார். இரண்டுக்கும் இடையே ஏழு திங்கள். யாம் புகழவுமில்லை, இகழவுமில்லை. கோயில் நிருவாகத்தாரிடஞ் சொல்லி, விரதகாலத்துப் பஜனையை வெள்ளிதோறும் நடத்தச்செய்தேம். கோயிற் றிறப்பு இப்போது அவர் இடுப்பில் இருக்கின்றது. அந்தி ஆறு மணிக்குக் கதவு திறந்து விளக்கேற்றுபவர் அவரே.