கட்டிக்குள் காவற்படை



பாலிகஞ்சு அறிவியல் கல்லூரியில் விலங்கியல் பயிலும் நான், மார்பகப் புற்றுநோயைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படாத ஒரு செய்தியை எழுத விரும்புகிறேன்.

கட்டி என்பது புற்றணுக்கள் மட்டும் திரண்ட உருண்டையன்று. அதனுள் இரத்தக் குழாய்கள் உண்டு, நார்த்திசு உண்டு, உடலின் காவற்படையாகிய லிம்போசைட்டு என்னும் வெள்ளணுக்களும் அங்கே புகுந்திருக்கும். அறுத்தெடுத்த கட்டியை மெல்லிய சீவலாக்கி, ஹீமடாக்சிலின், இயோசின் என்னும் சாயங்களை ஏற்றி மைக்ராஸ்கோப்பில் நோக்கினால் இவை கருநீலப் புள்ளிகளாகத் தெரியும்.

இவற்றின் மிகுதி நோயாளியின் எதிர்காலத்தை அறிவிக்குமா? 1922-லேயே அமெரிக்க மருத்துவர்கள் இத்தொடர்பைக் கவனித்தனர். ஆனால் எண்ணும் முறை நெடுங்காலம் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. 2014-இல் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று பொது விதி வகுத்தது. புற்றணுக் கூட்டங்களுக்கு இடைப்பட்ட நார்த்திசுப் பரப்பில் எத்தனை விழுக்காட்டை இவ்வணுக்கள் நிரப்பியுள்ளன என்று மதிப்பிட வேண்டும்; கட்டியின் எல்லைக்கு வெளியே உள்ளவற்றையும், மடிந்த பகுதியில் உள்ளவற்றையும் சேர்க்கலாகாது. புதிய கருவி எதுவும் வேண்டா. நோயைக் கண்டறிய எப்படியும் தயாரிக்கும் தகடே போதும்.

ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்களைப் பற்றும் ஏற்பிகள் இன்றி, ஹெர்-2 என்னும் புரதமும் மிகாதிருக்கும் வகையை ‘மும்மை எதிர்மறை’ என்பர். கொடிய வகை இது. மேனாடுகளைவிட நம் நாட்டில் இதன் பங்கு கூடுதல். கீமோ மருந்து பெறாத 1,966 நோயாளிகளை ஆராய்ந்த முடிவு 2024-இல் வெளிவந்தது. முதல் நிலைக் கட்டியில் வெள்ளணுக்கள் 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தவர்களில், ஐந்தாண்டு கழித்தும் நோய் தொலைவில் பரவாமல் உயிருடன் இருந்தவர் 94 விழுக்காடு. 30-க்குக் குறைந்தவர்களில் 78 தான். ஆயினும் இவ்வெண்ணை மட்டும் நம்பிக் கீமோவைக் கைவிடும் வழக்கம் இன்னும் வரவில்லை.

எனக்கு வியப்பளித்தது வேறொன்று. 3,771 நோயாளிகளைக் கொண்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வில், ஹார்மோன் ஏற்பியுடைய, ஹெர்-2 மிகாத வகையில் வெள்ளணுக்கள் மிகுந்தவர்களே குறைந்த காலம் வாழ்ந்தனர்! படையில் போரிடும் வீரரும் உண்டு. போரை அடக்கும் கட்டுப்பாட்டு அணுக்களும் உண்டு. மேற்சொன்ன சாயத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகையால் கட்டியின் வகை அறியாமல் தலை எண்ணுவதில் பயனில்லை.

போரிடும் அணுக்களைத் தூண்டும் முயற்சி நம் அருகிலேயே நடந்திருக்கிறது. பாலிகஞ்சிலிருந்து ஹாஜரா சாலையில் மேற்கே சென்றால், 1950 ஜனவரி 2-ஆம் நாள் ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்துவைத்த சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இன்று அது தேசிய நிலையம். வேப்பிலையிலிருந்து பிரித்த ஒரு கிளைக்கோபுரோட்டீன், எலிகளின் கட்டிகளில் இவ்வணுக்களை ஊக்குவிப்பதை அந்நிலையத்தார் கண்டனர். எலிகளில் கண்டது அது. வேப்பிலைச் சாறு குடித்தால் மார்பகக் கட்டி கரையும் என்று அதற்குப் பொருளன்று.