கெங்கவல்லிக்கு வருகிறவர்கள் தை மாதத்தில் மலையேறுங்கள்

கெங்கவல்லியில் காப்பி விளையாது. ஆத்தூரில் இறங்கித் தம்மம்பட்டி சாலையில் வந்தால் இரண்டு பக்கமும் மரவள்ளி, பாக்கு, தென்னை, மக்காச்சோளம்தான். ஆனால் நல்ல காப்பிக்கொட்டை எப்படி உருவாகிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த ஊரைப் போலத் தோதான இடம் அமைவது கடினம். தென்மேற்கே கொல்லிமலை. சேலம் தாண்டினால் சேர்வராயன் மலையில் ஏற்காடு. காலையில் கிளம்பினால் இரண்டில் எதற்கும் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். வளைவுகளில் தலைசுற்றியது மட்டும்தான் மிஞ்சும்.

எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்பதுதான் முக்கியம். மே மாதம் வேண்டவே வேண்டாம். அப்போது செடியில் மிளகளவு பச்சைக்காய்தான் இருக்கும், மலையெல்லாம் கூட்டமாக இருக்கும். பங்குனி, சித்திரையில் நல்ல கோடை மழை ஒன்று பெய்தால் அடுத்த பத்து நாளுக்குள் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மல்லிகையை நினைவூட்டும் மணம். மூன்று நான்கு நாளில் உதிர்ந்துவிடும் என்பதால் அதைப் பார்ப்பது உங்கள் அதிர்ஷ்டம். அந்தப் பூ காயாகிப் பழுக்க எட்டொன்பது மாதம் ஆகிறது. கார்த்திகையில் தொடங்கித் தை முடிய பழம் பறிப்பார்கள். மார்கழிக் கடைசியிலோ தை முதலிலோ போங்கள். களமும் நிறைந்திருக்கும், செடியிலும் பழம் இருக்கும்.

என் ஓட்டு கொல்லிமலைக்கு. ஆயிரம் மீட்டருக்கு மேலே, குளிர் உடம்பில் ஒட்டும் உயரத்தில், சில்வர் ஓக் மரங்கள் நெட்டுக்குத்தாக நிற்க, அவற்றில் மிளகுக்கொடி ஏறியிருக்க, நடுநடுவே பலா நிற்க, அத்தனைக்கும் கீழே காப்பி. ஏக்கர் கணக்கில் வேலி போட்ட பெரிய எஸ்டேட்டுகளைவிட மலையாளிப் பழங்குடி மக்களின் சின்னத் தோட்டங்கள்தான் எனக்குப் பிடித்தவை. வரப்பில் நின்று கேட்டாலே உள்ளே கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். நிழல் எதற்கு என்று கேளுங்கள். அராபிக்கா வெயிலைத் தாங்காத செடி. நிழலில் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை கெட்டியாகும். வெயில் படும் செடியைத்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தேடிப் போகிறது. புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் செடியை வெட்டி எரிப்பதைத் தவிர வழியில்லை.

பறிப்பைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரே கொத்தில் சிவந்த பழம், மஞ்சளாய் மாறும் அரைப்பழம், பச்சைக்காய் மூன்றும் இருக்கும். கிளையைப் பிடித்து ஒரே உருவாக உருவினால் வேலை சீக்கிரம் முடியும், கூடையும் நிறையும். சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டுமானால் அதே செடிக்கு மூன்று நான்கு தடவை திரும்பி வரவேண்டும். "அரைப்பழத்தப் பறிச்சா வெல வராதுங்கண்ணா" என்றார் கூடையோடு நின்ற ஓர் அக்கா. கசப்பும் பச்சை வாடையும் கொட்டைக்குள் ஏறுவது அரைப்பழத்தால்தான். காப்பியின் தரத்தில் பெரும்பங்கு அந்தக் கைகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். எடை பார்த்து மட்டும் கூலி கொடுக்கிற முதலாளி நல்ல கொட்டையை எதிர்பார்க்கக் கூடாது. ஒரு பழத்தை வாயில் போட்டு மென்று பாருங்கள். தோலுக்கடியில் தேன்போல் இனிக்கும்.

பறித்த அன்றே வேலை தொடங்க வேண்டும். பழத்தைத் தண்ணீரில் கொட்டுவார்கள். மிதப்பது சொத்தை, ஒதுக்கிவிடுவார்கள். மூழ்கியதைப் பல்ப்பர் எந்திரத்தில் விட்டுத் தோலை உரித்து, ஒட்டியிருக்கும் வழவழப்புப் போகத் தொட்டியில் ஓர் இரவுக்குக் குறையாமல் நொதிக்கவிட்டு, நன்றாக அலசி, களத்தில் காயவைப்பார்கள். இதுதான் வியாபாரிகள் சொல்லும் பார்ச்மெண்ட். நொதிப்பு நேரம் கூடிப்போனால் புளித்த வாடை வந்து மொத்தத் தொட்டியும் வீண். எந்திரமும் தண்ணீர் வசதியும் இல்லாதவர்கள் பழத்தை அப்படியே இரண்டு வாரம் வெயிலில் உலர்த்துவார்கள். அதற்குச் செர்ரி என்று பெயர். செர்ரியை மட்டம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மெல்லிய அடுக்காகப் பரப்பி, மணிக்கொரு தடவை கிளறி, மாலையில் பனி படாமல் மூடி வைக்கும் வீட்டில் வாங்கிய செர்ரியின் பழவாசனையை நான் வேறெங்கும் கண்டதில்லை. குவியலாக மண்தரையில் கிடப்பதை வாங்காதீர்கள், பூஞ்சை வாடை வரும். கொட்டையில் ஈரம் நூற்றுக்குப் பத்து, பதினொன்று என்று இறங்கும்வரை காயவேண்டும். ஐந்தாறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ கொட்டை. விலை அதிகம் என்று தோன்றும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்கு வரலாறு உண்டு. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன்தான் அங்கே காப்பியைக் கொண்டுவந்து நட்டவர். எஸ்டேட்டுகள் பெரியவை, பழையவை, அழகானவை. முன்கூட்டிப் பேசி அனுமதி வாங்கியிருந்தால் மட்டும் போங்கள். ஏரிக்கரையில் நிற்கவே நிற்காதீர்கள். நான் அங்கே நின்றபோது "எஸ்டேட் சுத்திக் காட்றேன் சார்" என்று ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார். பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏற்றி, சாலையோரம் நாலு காப்பிச்செடி முன்னால் இறக்கி, "போட்டோ எடுத்துக்குங்க" என்றார். வந்தவர் போனவரெல்லாம் பிய்த்துப் போட்ட பச்சைக்காய்கள் காலடியில் கிடந்தன. வருஷம் முழுக்க ஒருவர் வளர்த்ததை இப்படிச் சிதைக்க மனசு எப்படி வருகிறது? தோட்டம் எங்கே என்று கேட்டால் பதிலில்லை. ஒரு கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கூடவந்த பெரியவர் எஸ்டேட் காப்பி என்று நம்பி வாங்கிய பொட்டலத்தில் பாதிக்குப் பாதி சிக்கரி வாடை. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் என்று உறையில் அச்சிட வேண்டும், 49க்கு மேல் கலக்கவும் கூடாது என்பது சட்டம். அச்சில்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

போக்குவரத்து: கெங்கவல்லியிலிருந்து ஆத்தூருக்கும் தம்மம்பட்டிக்கும் பேருந்து உண்டு. கொல்லிமலைக்குத் தம்மம்பட்டி, முள்ளுக்குறிச்சி வழி கிட்டம். காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு மலை நிரம்பி வழியும், காப்பிக்காக வருகிறவர்களுக்கு அப்போது வேலையில்லை. தங்க ஆத்தூர் போதும். செலவு பெரிதாக ஆகாது.

கொல்லிமலையில் சோளக்காடு சந்தையில் மிளகோடு காப்பியும் கிடைக்கும். பீபெரிதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒரே உருண்டைக் கொட்டை, அவ்வளவுதான், பறிப்பு மோசமென்றால் அதுவும் கசக்கும். வறுக்காத கொட்டையாக வாங்கி, சேலத்தில் கண்முன்னே வறுத்து அரைக்கும் கடையில் கொடுங்கள். கருக வறுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சிக்கரி போடட்டுமா என்று கேட்பார்கள். முதல் கால் கிலோவுக்காவது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.