பழைய பெயிண்டைச் சுரண்டும் முன் கொஞ்சம் நில்லுங்க!



எங்க வீட்டு வாசலில் தாத்தா காலத்து மரப்பெஞ்சு ஒன்று கிடக்கிறது. மேலே நீலம், கீழே பச்சை என்று பெயிண்டு செதில் செதிலாக உரிந்துவிட்டது. காலாண்டு லீவில் அப்பா உப்புத்தாள் வாங்கிவந்து பரபரவென்று தேய்த்தார். பொடி பறந்தது. என் ஒன்றரை வயசுத் தம்பி அந்தப் பொடியிலேயே உட்கார்ந்து விரல் சூப்பிக்கொண்டு இருந்தான். பக்கத்து வீட்டு ஆசாரி தாத்தா பார்த்துவிட்டு, "ஏப்பா, அது எந்தக் காலத்துப் பெயிண்டோ! முதல்ல புள்ளையத் தூக்கு!" என்று சத்தம் போட்டார்.

ஏன் என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். பழைய எனாமல் பெயிண்டில் நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயம் (Pb, அணு எண் 82) சேர்ப்பார்களாம். அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் 90 பி.பி.எம்.முக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பார்த்தால் ஈயம் தெரியாது. அதனால் தெரியாத பழைய பெயிண்டு என்றால், ஈயம் இருக்கிறது என்றே நினைத்து வேலை செய்ய வேண்டும்.

என்ன பூச்சு என்று பார்ப்பது எப்படி?

1. தண்ணீர் சொட்டு விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது. மரம் குடித்துவிட்டால் பூச்சு போய்விட்டது.
2. பெஞ்சுக்கு அடியில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்க்கணும். பிசுபிசுவென்று கரைந்து வந்தால் அரக்குப் பாலிஷ். (ஸ்பிரிட் தீப்பிடிக்கும், பெரியவர்கள்தான் செய்யணும்.)

செய்யும் முறை

மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதனால்தான் பெயிண்டு வெடிக்கிறது. உரியும் பெயிண்டு மேலேயே புதுசு அடித்தால் இரண்டும் சேர்ந்து உரியும். ஆகவே,

* கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, தண்ணீர் தெளித்து, உரிந்ததை மட்டும் சுரண்டணும். கெட்டியாகப் பிடித்திருப்பதைச் சுரண்ட வேண்டாம்.
* தேய்ப்பதும் ஈரத்தில்தான். தண்ணீரில் தேய்க்கும் வாட்டர் பேப்பர் கடையில் கிடைக்கும்.
* நெருப்புக் காட்டி உரிக்கக் கூடாது. செதிலை அடுப்பில் போடக் கூடாது.
* விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கணும். முடிந்ததும் கை கால் கழுவி, சட்டையைத் தனியாகத் துவைக்கணும்.
* நன்றாகக் காய்ந்தபின் பிரைமர் ஒரு கை, பெயிண்டு இரண்டு கை.

அப்பா மீதி பெஞ்சை இப்படித்தான் முடித்தார். இப்போது பளபளவென்று இருக்கிறது. ஆனால் அன்றைக்குத் தம்பி வாய்க்குள் எவ்வளவு பொடி போனதோ, யாருக்கும் தெரியாது. ரத்தத்தில் ஈயம் பார்க்க டெஸ்ட் இருக்கிறது என்று டீச்சர் சொன்னதால், அம்மா அவனை டாக்டரிடம் கூட்டிப்போகிறார்.

தோழிகளே, பொங்கலுக்கு உங்க வீட்டிலும் கதவு, ஜன்னல் சுரண்டுவார்கள். முதலில் சின்னப் பிள்ளைகளை வெளியே தூக்கிப் போங்கள். அப்புறம் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வையுங்கள்!

— 9-ஆம் வகுப்பு மாணவி