கதவில் ஒட்டியிருக்கும் எண்

அன்புள்ள தம்பிக்கு,

டிரக் வந்துவிட்டது, அடுத்து கேம்பர்தான் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. "டிரக் 11,000 பவுண்டு இழுக்குமாம், நாங்கள் பார்த்து வைத்திருக்கும் டிரெய்லர் 6,000தான், அப்புறம் என்ன கவலை?" என்றும் கேட்டிருக்கிறாய். டென்வரில் முதல் கேம்பர் வாங்கும் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். விற்பவரும் தலையாட்டிவிடுவார்.

அந்த 11,000 பொய்யில்லை. ஜே2807 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணை அருகே உள்ள நீண்ட மலையேற்றத்தில், கொளுத்தும் வெயிலில், ஏ.சி.யை முழுதாகப் போட்டுக்கொண்டு மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறிக் காட்டவேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டும், தலைக்கு 150 பவுண்டு. பின்பெட்டி கிட்டத்தட்டக் காலி. அப்படி யார் கேம்பிங் போகிறார்கள்?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பார். தூணில் டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள். அதுதான் பேலோட். ஒரே மாடலில்கூட வண்டிக்கு வண்டி அது மாறும். சன்ரூஃப், தோல் இருக்கை என்று சேர்க்கச் சேர்க்கக் குறையும். உன்னுடையதில் 1,550 என்று வைத்துக்கொள்வோம்.

டிரெய்லரின் முழு எடையையும் அதன் சக்கரங்கள் மட்டும் தாங்குவதில்லை. 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக உன் டிரக்கின் முதுகில் இறங்குகிறது. இதை டங் வெயிட் என்பார்கள். டிரக்கைப் பொறுத்தவரை அது இழுக்கும் பாரமல்ல, சுமக்கும் பாரம். பேலோடில்தான் கழியும்.

கணக்குப் போடலாம். 6,000 என்பது தொழிற்சாலையை விட்டு வரும் எடை. பேட்டரி, நிரப்பிய இரண்டு கேஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கை, நாற்காலிகள் எல்லாம் அதன்பிறகு ஏறுபவை. தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டியை நிரப்பினாலே 330க்கு மேல். கிளம்பும்போது 7,200 ஆகியிருக்கும். அதில் 13 சதவீதம் 936. எடையைப் பகிரும் ஹிட்ச் தனியாக ஒரு 90. நீ, மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 480. கூட்டினால் 1,506. மிச்சம் 44 பவுண்டு. ஒரு சின்ன ஜெனரேட்டர் ஏற்றினாலே அநேகமாகத் தீர்ந்துவிடும். இழுப்புக் கணக்கில் இன்னும் 3,800 பவுண்டு பாக்கி இருக்கும், சுமைக் கணக்கு முடிந்துவிட்டிருக்கும். நாய், சைக்கிள், விறகு, பின்பெட்டிக்கு நீ ஆசைப்படும் அந்த மூடி எதற்கும் இடமில்லை.

சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளினால் டங் வெயிட் குறைந்துவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். குறையும்தான். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஒரு செமி லாரி கடந்து போகும் காற்று போதும். அப்போது டிரக்கின் பிரேக்கை மிதிக்காதே, வேகத்தைக் கூட்டாதே, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதே. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடி. அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே கை போகிற அளவுக்கு முன்பே பழகிக்கொள்.

பின் ஸ்பிரிங்குக்கு ஏர்பேக் போட்டால் பேலோட் கூடும் என்பதும் அந்த ரகம்தான். வண்டியின் பின்பக்கம் நிமிரும். ஆக்ஸிலும் பிரேக்கும் பழையவையே. எடையைப் பகிரும் ஹிட்ச், பாரத்தில் ஒரு பகுதியை முன் சக்கரங்களுக்கும் டிரெய்லருக்கும் தள்ளும், உதவிதான். அதற்காக ஸ்டிக்கரில் உள்ள எண் மாறாது.

நீ டென்வரிலிருந்து மோவாப் போக ஐ-70இல் ஐசன்ஹோவர் சுரங்கத்தைத் தாண்டவேண்டும். 11,000 அடிக்கு மேல். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் வலு இழக்கும். ஏற்றத்தில் மெதுவாகப் போனால் தீர்ந்தது. சில்வர்தார்னுக்கு இறங்கும் சரிவுதான் எனக்குக் கவலை. பிரேக் போன லாரிகளுக்காகச் சரளை நிரப்பிய ஓடுபாதை அங்கே சும்மா போட்டிருக்கவில்லை. சரிவு தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடு.

முதல் பயணத்துக்கு முன், எல்லாவற்றையும் ஏற்றி, குடும்பத்தோடு, டேங்க் நிரப்பி, கேட் (CAT) எடைமேடை உள்ள ஒரு டிரக் ஸ்டாப்புக்குப் போ. முன் சக்கரம் முதல் தட்டில், பின் சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் மூன்றாவதில் நிற்கவேண்டும். அடுத்து ஹிட்ச்சின் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒரு முறை, டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு டிரக்கை மட்டும் ஒரு முறை. கடைசி இரண்டு எடைச்சீட்டிலும் முதல் இரண்டு தட்டுகளின் எடையைக் கூட்டி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் உண்மையான டங் வெயிட் கிடைக்கும். மறு எடைக்குக் கட்டணம் குறைவு.

டிரெய்லருக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால், கட்டுவதற்கு முன் கதவு ஸ்டிக்கரைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. ஹிட்ச் ரிசீவரின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், குனிந்து அதையும் எடு.

அன்புடன்,
அண்ணன்